வளைவில் ஆயில் எங்கே போகிறது?

பழைய பீட்டில் காரின் பின்பக்கம் தரையில் படுத்து, எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் சாஸர் அளவில் ஒரு வட்டத் தகடு தெரியும். சுற்றிலும் ஆறு சின்ன நட்டுகள். கழற்றினால் மிச்சமிருக்கும் ஆயில் முழங்கை வரை வழியும். பின்னாலேயே டீ வடிகட்டி மாதிரி ஒரு கம்பிவலை இறங்கும். ஆயிலைச் சுத்தப்படுத்த ஃபோக்ஸ்வாகன் அந்த எஞ்சினுக்குக் கொடுத்தது அந்த வலை ஒன்றுதான். காகித ஃபில்டர் கிடையாது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீரே கிடையாது. உள்ளே ஓடும் ஆயில் மொத்தம் 2.5 லிட்டர். விருந்தாளி வந்தால் வாங்கும் பெரிய குளிர்பான பாட்டிலில் கிட்டத்தட்ட அடங்கிவிடும்.

அந்த வட்டத் தகட்டை எடுத்துவிட்டு, அதே ஆறு ஸ்டட்டுகளில் ஓர் அலுமினியப் பெட்டியைத் தொங்கவிட்டால் அதுதான் டீப் சம்ப். நம்மூர் மெக்கானிக் பாஷையில் சொன்னால், சேம்பருக்கு அடியில் இன்னொரு சேம்பர். 1960களில் கலிஃபோர்னியாவில் பீட்டிலை டிராக் ரேஸில் இறக்கிய கூட்டத்தோடு வளர்ந்த சமாச்சாரம் இது. ரிவர்சைடு நகரத்து எம்பி நிறுவனத்தின் ‘இன்ச் பின்ச்சர்’ போன்ற வண்டிகள் பெரிய அமெரிக்க வி8 கார்களோடு அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. இன்று அந்தப் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும் சாதுவான வண்டிகளிலும் தொங்குகிறது. பொதுவாக இரண்டு அளவில் கிடைக்கும்: ஒன்றரை குவார்ட், மூன்றரை குவார்ட். நம் கணக்கில் சுமார் 1.4 லிட்டர், 3.3 லிட்டர்.

மாட்டியவரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “ஆயில் ஜாஸ்தியா இருந்தா எஞ்சின் கூலா இருக்கும் சார்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டி உண்மையிலேயே செய்யும் வேலை வேறு. அதைப் புரிந்துகொள்ள, ஆயில் எஞ்சினுக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பம்ப் கொடுக்கும் அழுத்தம்தான் கிராங்க் தண்டை பேரிங்கில் படாமல் தூக்கிப் பிடிக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை என்பது 1883லேயே தெரிந்துவிட்டது. இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் கழகத்துக்காக ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். தண்டின் கீழ்ப்பாதி எண்ணெயில் முங்கியிருக்கும். மேலே பித்தளை பேரிங் பாரத்தோடு உட்கார்ந்திருக்கும். எண்ணெய் விடுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டைச் சுற்றவிட்டதும் அந்தத் துளை வழியாக எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக மேலே பொங்கி வந்தது. கார்க்கால் அடைத்தார், பிதுங்கி வெளியே வந்தது. மரக்கட்டையை அடித்து இறக்கினார், அதுவும் மெல்ல மேலே ஏறி வந்தது. பிறகுதான் அங்கே ஒரு பிரஷர் கேஜை மாட்டினார். பேரிங்கின் மேல் இருந்த சராசரி பாரம் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. கேஜின் முள்ளோ 200ஐத் தாண்டி ஓடிவிட்டது.

பம்ப் எதுவும் இல்லாத இடத்தில் அவ்வளவு அழுத்தம் எப்படி வந்தது? சுற்றும் தண்டு தன் மேல் ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே வரும் இடுக்கில் திணிக்கிறது. தப்பிக்க வழியில்லாத எண்ணெய், தண்டையும் பேரிங்கையும் பிரித்து வைக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போகும் கார் டயர் சில நேரம் தரையை விட்டு மிதக்குமே, கிட்டத்தட்ட அதே சங்கதி. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்குக் கணக்கு எழுதினார். இன்றும் பேரிங் வடிவமைப்பவர்கள் அந்தச் சமன்பாட்டில்தான் தொடங்குகிறார்கள்.

ஆக, பம்ப்பின் வேலை பேரிங்கின் வாசல் வரை ஆயிலைக் கொண்டுபோய் விடுவதுதான். மீதியைத் தண்டு பார்த்துக்கொள்ளும். சுமையான நேரத்தில் இடையே நிற்கும் ஆயில் படலம் சில மைக்ரான் தடிமன். நம் தலைமுடி அறுபது, எழுபது மைக்ரான் இருக்கும். அந்த வாசலுக்கு ஆயிலுக்குப் பதில் காற்று போய்ச் சேர்ந்தால் படலம் அறுந்து உலோகமும் உலோகமும் உரசும். நிமிடக் கணக்கெல்லாம் வேண்டாம், சில விநாடி போதும். பட்டறையில் “பேரிங் அடிச்சிருச்சு” என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார்கள். சரிசெய்ய எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டும்.

பீட்டிலில் இதைக் காட்டிக்கொடுக்க முள் வைத்த கேஜ் கிடையாது. ஸ்பீடோமீட்டருக்குள் சின்ன விளக்கு ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் அது எரியும். வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டிருப்பவர் கண்ணில் அது படுவதற்குள் பேரிங்கில் நடக்க வேண்டியது நடந்திருக்கும்.

இனி வளைவுக்கு வருவோம். குடிதண்ணீர்க் குடத்தைப் பாதி நிரப்பி ஷேர் ஆட்டோவில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போனவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆட்டோ வலது பக்கம் திரும்பினால் தண்ணீர் இடது பக்கம் ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்குக் கணக்கு சுலபம். பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் எத்தனை பங்கோ, அந்த விகிதத்தில் நீர்மட்டம் சாயும். 60 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 60 கிலோமீட்டரில் திரும்பினால் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் பாதியைத் தொடும். ஆயில் மட்டம் 25 டிகிரி சாய்ந்து நிற்கும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள தொட்டியில் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். ஆயில் உறிஞ்சும் குழாயின் வாய் நடுவில் இருந்தாலும், தொட்டியில் ஆயில் குறைவாக இருந்தால் அதன் பக்கத்தில் காற்றுதான் மிஞ்சும்.

கொஞ்ச நேரம்தானே, ஆயில் திரும்பி வந்துவிடாதா என்று கேட்கலாம். மற்ற எஞ்சின்களில் ஓரளவு வரும். பீட்டில் எஞ்சினின் வடிவம் இங்கேதான் வம்பு செய்கிறது. அதன் நான்கு சிலிண்டர்களும் நிற்பதில்லை. பக்கத்துக்கு இரண்டாகக் கை விரித்துப் படுத்திருக்கின்றன. வால்வுகளை இயக்கும் தள்ளுகம்பிகள் சிலிண்டர்களுக்குக் கீழே எட்டுக் குழாய்களுக்குள் ஓடுகின்றன. ஹெட்டுக்குப் போன ஆயில், அதே குழாய்கள் வழியாகத்தான் நடுவிலுள்ள கிராங்க் கேஸுக்குத் திரும்பி வழிய வேண்டும். குழாய்கள் உள்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருப்பதால் நேர்ரோட்டில் அது ஒழுங்காக நடக்கும். வளைவில் 25 டிகிரிக்கு மட்டம் சாயும்போது அந்தச் சரிவு செல்லாக்காசு. வெளிப்பக்க ஹெட்டுக்குப் போன ஆயில் அங்கேயே நிற்கும். போதாததற்கு, கிராங்க் கேஸில் இருப்பதும் அதே குழாய்களில் ஏறி வால்வு மூடிக்குள் குடியேறும். பம்ப்போ நிறுத்தாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொண்டால், 2.5 லிட்டர் ஆயில் முழுவதும் ஒரு சுற்று வர 15 விநாடி. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் நீண்ட வட்டப்பாதையில் ஒரே பக்கமாக அத்தனை விநாடி திரும்பிக்கொண்டே இருக்க முடியும்.

ஃபோக்ஸ்வாகன் பொறியாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அவர்கள் வடிவமைத்தது ஒல்லி டயரில் ஓடும் குடும்ப வண்டி. அந்த டயர்களின் பிடிமானம் ஓர் எல்லைக்கு மேல் வளைவில் தாக்குப்பிடிக்காது. ஆயில் பம்ப்பை விட்டு ஓடுவதற்கு முன் டயரே வழுக்கத் தொடங்கிவிடும். நாம் என்ன செய்கிறோம்? அகலமான ரேடியல் டயர் போடுகிறோம், பின்புற சஸ்பென்ஷனை இறுக்குகிறோம், 1600 சிசி எஞ்சினைப் பெரிதாக்குகிறோம். அப்புறம் பழைய வண்டியில் ஆயில் விளக்கு மினுக்குகிறதே என்று ஆச்சரியப்படுகிறோம்.

டீப் சம்ப் உண்மையிலேயே உதவுவது இந்த இடத்தில்தான். ஊற்ற வேண்டிய உயரம் மாறுவதில்லை. டிப் ஸ்டிக்கில் அதே கோடு வரைதான். கூடுதல் ஆயில் முழுவதும் பழைய தரைமட்டத்துக்குக் கீழே, உறிஞ்சும் வாயைச் சுற்றி நிற்கிறது. மேலே உள்ள ஆயில் ஹெட்டுக்கு ஓடினாலும், குறுகலான ஆழப் பெட்டியில் இருப்பது அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. குடத்தின் கழுத்துக்கும் அகன்ற தாம்பாளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான். நல்ல பெட்டிகளுக்குள் தடுப்புத் தகடும் இருக்கும், தண்ணீர் லாரியின் டாங்கிக்குள் அலை அடிக்காமலிருக்க வைப்பது போல. ஒரு விஷயத்தை மட்டும் மறக்கக்கூடாது. பெட்டியோடு ஒரு நீட்டுக்குழாய் வரும்; பழைய உறிஞ்சுகுழாயின் வாயில் அதைச் செருகிப் பெட்டியின் அடிவரை கொண்டுபோக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாட்டினால், கிணற்றை ஆழப்படுத்திவிட்டுப் பழைய கயிற்றிலேயே வாளியை இறக்குகிற கதைதான். கூடுதல் ஆயில் சும்மா அடியில் கிடக்கும், பம்ப் மேலே காற்றைக் குடிக்கும்.

ஏன் கீழ்நோக்கியே வளர்க்க வேண்டும், பக்கவாட்டில் அகலப்படுத்தக்கூடாதா? அமெரிக்க வி8 எஞ்சின்களில் அதைத்தான் செய்கிறார்கள். அங்கே ஆயில் பான் என்பது கழற்றி மாட்டும் தனித் தகரத் தொட்டி. தரைக்கு இடைவெளி குறையாமல் இரண்டு பக்கமும் இறக்கை வைத்து, ஒருபக்கமாக மட்டும் திறக்கும் கதவுகளை உள்ளே பொருத்தி, வளைவிலும் ஆயில் நடுவிலேயே நிற்கும்படி செய்துவிடலாம். பீட்டிலில் தொட்டியும் கிராங்க் கேஸும் ஒரே மெக்னீசியக் கலப்புலோக வார்ப்பு. கை வைக்கக் கிடைப்பது அந்த வட்டத் துளை மட்டும்தான்.

ஆழத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஓடும் கிராங்கில், மையத்திலிருந்து ஆறரை சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு புள்ளி மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அந்த வேகத்தில் ஆயில் பரப்பை உரசினால் மோர் கடைந்த மாதிரி நுரை பொங்கும். நுரை என்றால் பாதி காற்று. பேரிங்குக்கு அது ஆகாது. ஆழமான பெட்டியின் அடியில் கடைசல் எட்டாத அமைதியான ஆயில் கொஞ்சம் எப்போதும் இருக்கும்.

சரி, குளிர்ச்சி? அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பதில் ஓர் அண்டாத் தண்ணீரை வைத்தால் கொதிக்க நேரமாகும், அவ்வளவுதான், தீ அதேதான். 2.5 லிட்டரை 3.9 லிட்டர் ஆக்கினால் சூடேறும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். குறுகிய ரேஸ் ஓட்டுபவருக்கு அந்த அவகாசமே போதும். இரண்டு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு ஒன்றும் மிச்சமில்லை. கடைசியில் ஆயில் எந்தச் சூட்டில் போய் நிற்கும் என்பதை, எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, எவ்வளவு வெளியே போகிறது என்ற வரவு செலவுதான் முடிவு செய்யும். பெட்டியின் வெளிப்பரப்பில் காற்று பட்டுக் கொஞ்சம் குளிரும், மறுக்கவில்லை. அதை ஆயில் கூலருக்கு மாற்று என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

கூலரைப் பற்றிச் சொன்னதால் ஒரு சின்னக் கிளைக்கதை. பழைய பீட்டிலில் கூலரை ஃபேன் கூண்டுக்குள்ளேயே, மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். அந்த சிலிண்டர் எப்போதும் மற்றவற்றைவிடச் சூடு. 1971 மாடலில் கூலரைத் தள்ளி வைத்துத் தனிக்கூண்டு கட்டினார்கள். ஆர்வலர்கள் அதை ‘டாக்ஹவுஸ்’, நாய்க்கூண்டு, என்பார்கள். பழைய எஞ்சின் வைத்திருப்பவர் குளிர்ச்சிக்காகச் செலவழிக்க நினைத்தால், அலுமினியப் பெட்டிக்குக் கொடுக்கும் காசை இந்த நாய்க்கூண்டுக்குக் கொடுக்கலாம்.

ஆயில் சூடேறத் தாமதமாவதில் ஒரு கெடுதலும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பங்கு சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும். சிறு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகிவிடும். காய்கறி மார்க்கெட் வரை போய்த் திரும்பும் வண்டியில், பெரிய பெட்டியோடு சேர்ந்த 5.8 லிட்டர் ஆயில் வெதுவெதுப்பைத் தாண்டாது. அப்படி ஓட்டிய எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள்: உள்பக்கம் வெண்ணெய் திரண்ட மாதிரி வெளிர்மஞ்சள் பசை அப்பியிருக்கும். கொஞ்சமாக ஓட்டுபவருக்குப் பெரிய சம்ப் நல்லதல்ல என்பதற்கு அந்தப் பசையே சாட்சி.

ஒரு நன்மையைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். உரசலில் உதிரும் துகளும் கரியும் நிறைய ஆயிலில் பரவும்போது லிட்டருக்கான பங்கு குறையும். ஃபில்டர் இல்லாத எஞ்சினுக்கு அது நல்லதுதான். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒழுங்காக ஆயில் மாற்றினாலும் அதே பலன் கிடைக்கும். அந்த இடைவெளியை நிறுவனம் சொன்னதே ஃபில்டர் இல்லாததால்தான்.

இப்போது தரையைப் பார்ப்போம். பீட்டிலின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி. இருபதுக்கு இருபது சென்டிமீட்டர் சதுரப் பெட்டி என்று வைத்தால், 1.4 லிட்டர் பிடிக்க மூன்றரை சென்டிமீட்டர் ஆழம் வேண்டும், 3.3 லிட்டருக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல். பாதிக்கு மேற்பட்ட இடைவெளியைப் பெட்டியே விழுங்கிவிடும். அதுவும் எங்கே? பின் சக்கரத்துக்கும் பின்னால், வண்டியின் வாலில். சாய்தளத்தில் ஏறும்போது முதலில் தரையைத் தொடுவது அந்த வால்தான். அழகுக்காக வண்டியைத் தாழ்த்தியவர்கள் கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளலாம்.

சென்னையிலும் கோவையிலும் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கு வேகத்தடை என்ற தனி அத்தியாயம் இருக்கிறது. இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி அது 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். நம் தெருவில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் மேடுகள் அந்த அளவுகோலைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அதில் பெட்டி இடித்தால் பெட்டியோடு போகாது. அது தொங்குவது ஆறு சின்ன ஸ்டட்டுகளில். அவை திருகியிருப்பது மென்மையான மெக்னீசிய வார்ப்பில். ஸ்டட் பிய்ந்து வந்தால் அதிர்ஷ்டம், கிராங்க் கேஸ் விரிசல் விட்டால் எஞ்சினே போச்சு. பேரிங்கைக் காப்பாற்ற மாட்டிய பொருள் எல்லா ஆயிலையும் ரோட்டில் கொட்டவைத்து பேரிங்கைத் தின்ற கதையாகிவிடும்.

இந்தத் தலைவலிக்கு வேறொரு விடையை பீட்டிலின் பங்காளியே கண்டுபிடித்து வைத்திருந்தது. 1964இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 911இலும் பின்பக்கம் காற்றில் குளிரும் படுத்த எஞ்சின்தான். ஆனால் எஞ்சினுக்கு அடியில் ஆயிலைத் தேக்கவே இல்லை. ஒரு பம்ப் கீழே விழும் ஆயிலை அப்போதைக்கப்போது வாரியெடுத்து, தனியாக நிற்கும் உயரமான டாங்கிக்கு அனுப்புகிறது. இன்னொரு பம்ப் அங்கிருந்து பேரிங்குக்குத் தருகிறது. டிரை சம்ப் என்று பெயர். ஒன்பது லிட்டர் அளவுக்கு ஆயில் இருந்தும் தரைக்கு இடைவெளி குறையவில்லை, எந்த வளைவிலும் உறிஞ்சுகுழாய் வறளவில்லை. 1972 மாடலில் மட்டும் அந்த டாங்கிக்கு ஆயில் ஊற்றும் மூடியை வண்டியின் வெளிப்பக்கம், பின் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார்கள். பங்க் ஊழியர்கள் அதைத் திறந்து பெட்ரோல் ஊற்றிவிட்டார்களாம். அடுத்த ஆண்டே மூடி உள்ளே போய்விட்டது. டிரை சம்ப்பை பீட்டிலிலும் பொருத்தலாம், பொருத்தியவர்களும் உண்டு. செலவைப் பார்த்தால், அந்தப் பணத்தில் இன்னொரு எஞ்சினையே கட்டிவிடலாமே என்று தோன்றும்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். எஞ்சின் பழைய அளவிலேயே இருந்து, வண்டி அலுங்காமல் ஓடுகிறதென்றால் டீப் சம்ப் வேண்டாம். வலையைக் கழுவி, ஆயிலை நேரத்தில் மாற்றி, மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். கையில் காசு துறுதுறுத்தால் முதலில் ஒரு ஃபில்டர் வையுங்கள், பிறகு நல்ல கூலர், பிறகு பிரஷர் கேஜ். எஞ்சினைப் பெரிதாக்கி, நல்ல டயர் போட்டு, மலைப்பாதையில் வளைத்து வளைத்து ஓட்டுபவராக இருந்தால் ஒன்றரை குவார்ட் பெட்டி பொருத்தமான பொருள். நீட்டுக்குழாயை மறக்காமல் செருகுங்கள். மூன்றரை குவார்ட் பெட்டியைச் சமதளமான ரேஸ் பாதைக்கு விட்டுவிடுங்கள்.

எதை வாங்குவதாக இருந்தாலும், கடைக்குப் போகும் முன் நான்கு பேரை வண்டியில் உட்காரவைத்து, அந்த வட்டத் தகட்டுக்கும் தரைக்கும் இடையே ஒரு ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள்.